சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி



கால்பந்து என்றதும் ஆவலோடு வந்திருக்கும் இளைஞர்களும் இருக்கிறீர்கள். பீர் என்ற சொல்லை அழைப்பிதழில் பார்த்துத் தயங்கி, பிறகு வந்து அமர்ந்த பெரியவர்களும் இருக்கிறீர்கள். இரு தரப்பாருக்கும் ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இன்றைய பேச்சு ஊரைவிட்டுப் போனவர்களைப் பற்றியது. வேலைக்காகத் துபாய், சிங்கப்பூர், ஹாங்காங், பெர்த், நியூயார்க் என்று போய்க் குடியேறிய ஆங்கிலேயர்களைப் பற்றியது. நம் உறவில் ஒருவராவது வெளிநாட்டில் இருக்கிறார். ஊர் நினைப்பு என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆங்கிலேயருக்கும் அது உண்டு. பலருக்கு அது ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வருகிறது. சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. மைதானத்துக்குப் போகும் வழியில் ஒரு பப். கையில் ஒரு பைன்ட் பீர். சுற்றிலும் அதே அணியைப் பல்லாண்டுகளாகத் திட்டிக்கொண்டே விடாமல் பின்தொடர்கிற மனிதர்கள்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. கைநிறையச் சம்பளம், நீச்சல் குளத்தோடு குடியிருப்பு, இதில் பப் இல்லையே என்று ஏக்கமா என்பார்கள். நான் இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன். அந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன். அவர்கள் இருக்கும் ஊர்களில் பீர் கிடைக்காமலில்லை. பிரீமியர் லீக்கின் ஒரு பருவத்து 380 ஆட்டங்களும் தொலைக்காட்சியில் வருகின்றன. இரண்டும் கையருகே இருக்கும்போது எதற்காக ஏங்குகிறார்கள்? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

மூன்று மணி எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். 1850-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் சிறுவர்களும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது. அவர்கள் போய்விட்டால் ஆலையை ஓட்ட முடியாது. ஆகவே ஆண்களும் வெளியே வந்தார்கள். சனிக்கிழமை அரைநாள் ஓய்வு மெல்ல மெல்ல மற்றத் தொழில்களுக்கும் பரவியது. இரண்டு மணிக்குச் சங்கு ஊதும். மூன்று மணிக்கு ஆட்டம். நடுவில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் பப்புக்கு உரியது. ஒரு வர்க்கத்தின் ஓய்வு நேரம் இப்படித்தான் உருவெடுத்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஆங்கிலேயர் உடம்பில் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

கால்பந்துக்கும் பப்புக்கும் உள்ள உறவு பார்வையாளர்களோடு நிற்பதல்ல. ஆட்டத்தின் விதிகளை வகுத்த கால்பந்துச் சங்கம் 1863 அக்டோபர் 26 அன்று தொடங்கப்பட்டதே லண்டனில் ஃப்ரீமேசன்ஸ் டேவர்ன் என்ற மதுவிடுதியில்தான். 1867-இல் ஷெஃபீல்ட் வென்ஸ்டே கிளப் அடெல்ஃபி ஓட்டலில் பிறந்தது. அந்த இடத்தில்தான் இன்று உலக ஸ்னூக்கர் போட்டி நடக்கும் க்ரூசிபிள் அரங்கம் நிற்கிறது. லிவர்பூல் நகரத்தின் கதை இன்னும் சுவையானது. கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அந்த நகரத்தில் மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்றைச் சேர்ந்த இளைஞர்கள் ஓர் அணியாக ஆடிவந்தார்கள். 1879-இல் குவீன்ஸ் ஹெட் என்ற பப்பில் கூடி, எவர்ட்டன் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். 1884 முதல் அவர்கள் ஆடிய இடம் ஆன்ஃபீல்ட். அந்த இடத்தை ஏற்பாடு செய்து தந்தவர் ஜான் ஹோல்டிங், பீர் வடிப்பவர். மைதானத்துக்குப் பக்கத்தில் சாண்டன் ஓட்டல் அவருடையது. ஆட்டக்காரர்கள் அங்கேதான் உடை மாற்றிக்கொண்டு, தெருவைக் கடந்து மைதானத்துக்குள் நடந்தார்கள். ஆட்ட நாளில் மைதானத்தில் பானம் விற்கும் உரிமையும் ஹோல்டிங்குக்கே. கூட்டம் பெருகப் பெருக வாடகை ஏறியது. நிலம் யாருக்கு, வருமானம் யாருக்கு என்று சச்சரவு மூண்டது. நிர்வாகக் குழுவில் தேவாலயக்காரர்களும் மதுவிலக்கில் நம்பிக்கை உள்ளவர்களும் இருந்தார்கள். எதிர்த்தரப்புக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் மஹோன் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். 1892-இல் எவர்ட்டன் பிரிந்து, ஸ்டான்லி பூங்காவைத் தாண்டி குடிசன் பார்க்குக்குப் போய்விட்டது. ஹோல்டிங்கின் கையில் மைதானம் இருந்தது, ஆட அணி இல்லை. அவர் ஒரு புதிய அணியைத் தொடங்கினார். அதுதான் லிவர்பூல் கிளப். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் நேசிக்கும் ஓர் அணி, ஒரு பீர் முதலாளிக்கும் மதுவை வெறுத்தவர்களுக்கும் நடந்த பிணக்கில் பிறந்தது. பத்தாண்டு கழித்து, 1902-இல், கடனில் மூழ்கிய நியூட்டன் ஹீத் கிளப்பைக் கைகொடுத்துத் தூக்கிய ஜே. எச். டேவிசும் பீர்த் தொழிலதிபரே. அந்தக் கிளப்பின் புதிய பெயர் மான்செஸ்டர் யுனைடெட்.

லண்டனின் மேற்குப் பக்கம் பிரென்ட்ஃபோர்ட் அணி 1904 முதல் ஆடிய கிரிஃபின் பார்க், நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு பப் இருந்ததற்காகவே பேர் பெற்றது. மைதானத்தின் பெயரே ஃபுல்லர்ஸ் பீர் நிறுவனத்தின் சின்னமான கிரிஃபின் என்ற கற்பனை விலங்கிலிருந்து வந்தது. எந்தக் கதவு வழியாக நீங்கள் மைதானத்துக்குள் போனாலும், அதற்குப் பக்கத்துப் பப் உங்கள் பப். தந்தை எந்த மூலையில் குடித்தாரோ மகனும் அங்கேதான்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, பப் என்பது எப்படிப்பட்ட இடம் என்று சொல்லியாக வேண்டும். நம்மூரில் மதுக்கடை என்றால் கம்பி வலைக்குள் கையை நீட்டி, பாட்டிலை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, தெரிந்தவர் கண்ணில் படாமல் நழுவும் இடம். டாஸ்மாக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பப்பைப் புரிந்துகொள்ள முடியாது. நமக்குத் தெரிந்த இடங்களில் அதற்கு நெருங்கியது, விடியற்காலையில் தினத்தந்தியைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் படித்தபடி ஊர் முழுக்கக் கூடும் டீக்கடைதான். நான் குடிப்பதில்லை. எலுமிச்சைச் சாறும் சோடாவும் கலந்த ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு பல மாலைகள் பப்பில் உட்கார்ந்திருக்கிறேன். ஏன் குடிக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. குடி கெடுத்த குடும்பங்களையும் அதே ஊரில் பார்த்தேன். அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் அங்கே நான் கண்ட முக்கியமான விஷயம் வேறு. அழைப்பு இல்லாமல் போகலாம். முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். தனியாகப் போனால் தனியாக உட்காரலாம். பேச நினைத்தால் கவுண்ட்டரில் நிற்கலாம். யாரும் மேசைக்கு வந்து என்ன வேண்டும் என்று கேட்பதில்லை, எழுந்து போய்த்தான் வாங்க வேண்டும். எழுந்து போகிற அந்த நாலடியில்தான் முன்பின் தெரியாதவர்கள் பேசத் தொடங்குகிறார்கள். நாலு பேர் சேர்ந்து போனால் ஒருவர் நாலு பேருக்கும் வாங்குவார். அடுத்த முறை அடுத்தவர். இதுதான் ரவுண்டு. தன் முறை வந்தும் எழாதவரைப் பற்றி ஊரில் ஒரு அபிப்பிராயம் விழுந்துவிடும், அது எளிதில் அழியாது.

மைதானத்துக்குப் போகிறவர்களுக்குப் பப் இன்றியமையாததாக ஆனதற்கு ஒரு சட்டமும் காரணம். 1980-களில் ஆங்கிலக் கால்பந்து வன்முறைக்குப் பேர்போனது. 1985 மே மாதம் பிரசல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் 39 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு வந்த சட்டம், கால்பந்து மைதானத்தில் ஆடுகளம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மது அருந்துவதைத் தடை செய்தது. ரசிகர்களை ஏற்றிச்செல்லும் பேருந்துகளிலும் மது கூடாது. ரக்பிக்கு இந்தத் தடை இல்லை, கிரிக்கெட்டுக்கு இல்லை. கால்பந்துக்கு மட்டும் இன்றுவரை உண்டு. தொழிலாளர்களின் விளையாட்டு என்பதால்தான் இந்த வேறுபாடு என்பது என் எண்ணம். இருக்கையில் அமர்ந்து பீர் குடிக்க முடியாதென்றால் முன்னேயும் பின்னேயும் பப்புக்குத்தானே போக வேண்டும்? பிறகு 1989-இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசல். லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்த கொடுமை. அதைத் தொடர்ந்து வந்த டெய்லர் அறிக்கையின்படி பெரிய மைதானங்களில் நின்று பார்க்கும் மேடைகள் இருக்கைகளாக மாறின. பின்வந்த ஆண்டுகளில் டிக்கெட் விலை ஏறியது. நின்று கூவிய இளைஞர்களில் பலரால் உள்ளே போக முடியவில்லை. 1992-இல் பிரீமியர் லீக்கும் ஸ்கை தொலைக்காட்சியும் வந்தபோது அவர்கள் ஆட்டத்தைப் பப்பில் நின்று பார்க்கத் தொடங்கினார்கள். மைதானம் வெளியே தள்ளியவர்களுக்குப் பப் இடம் கொடுத்தது.

அதற்கும் ஓர் இடைஞ்சல் இருந்தது. 1960-களிலிருந்து, சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் நேரலையாகக் காட்டக் கூடாது என்ற ஏற்பாடு இருக்கிறது. சிறிய கிளப்புகளின் கூட்டம் வீட்டில் தங்கிவிடக் கூடாது என்பது நோக்கம். ஆகவே மூன்று மணி ஆட்டத்தை மும்பையில் பார்க்கலாம், நைரோபியில் பார்க்கலாம், மைதானத்துக்கு எதிர்ப்புறத்துப் பப்பில் பார்க்க முடியாது. போர்ட்ஸ்மவுத்தில் ஒரு பப் நடத்திய கேரன் மர்ஃபி, கிரேக்கத் தொலைக்காட்சியின் அட்டையை வாங்கிப் போட்டுத் தன் வாடிக்கையாளர்களுக்கு ஆட்டங்களைக் காட்டினார். வழக்குப் போட்டார்கள், அபராதம் விதித்தார்கள். அவர் விடவில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போனார். 2011 அக்டோபரில் தீர்ப்பு வந்தது: வேறொரு ஐரோப்பிய நாட்டின் அட்டையை வாங்குவதைத் தடுப்பது ஐரோப்பியச் சட்டத்துக்கு முரண். மறு ஆண்டு அவர்மீதான தண்டனையும் ரத்தானது. ஒரு பப்புக்காரப் பெண்மணி உலகத்திலேயே பெரும்பணம் புரளும் கால்பந்து லீக்கை எதிர்த்து நின்ற இந்த வழக்கு, பப்பில் ஆட்டம் பார்ப்பது அங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குச் சான்று.

இப்போது வெளிநாடு போனவர்களிடம் வருவோம். குளிர்காலத்தில் லண்டனில் மூன்று மணி என்றால் நியூயார்க்கில் காலை பத்து. லாஸ் ஏஞ்சலிஸில் காலை ஏழு. துபாயில் இரவு ஏழு. நமக்கு எட்டரை. சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் பெர்த்திலும் இரவு பதினொன்று. சிட்னியில் ஞாயிறு அதிகாலை இரண்டு. ஆக்லாந்தில் நான்கு. ஆட்டம் எல்லா இடத்துக்கும் ஒரே நொடியில் போய்ச் சேர்கிறது. பிற்பகல் எங்கும் போய்ச் சேர்வதில்லை. வேலை முடிந்த களைப்பு, மங்கும் வெயில், ஆட்டம் முடியும்போது இருட்டிவிடுகிற டிசம்பர் மாலை, ஐந்து மணிக்கு வானொலியில் வரும் முடிவுகள் எல்லாம் அந்த ஒரே நேரத்தோடு கட்டுண்டவை. ஆக்லாந்தில் விடிவதற்கு முன் எழுந்து, பிள்ளைகள் விழிக்காமல் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்க்கும் மனிதருக்கு ஆட்டம் முழுதாகக் கிடைக்கிறது. சனிக்கிழமை கிடைப்பதில்லை.

முந்தைய தலைமுறைக்கு ஆட்டமே கிடைக்கவில்லை. ஷார்ட்வேவ் வானொலியில் பிபிசி உலக சேவையின் இரைச்சலுக்கு நடுவே ஸ்கோரைப் பிடிப்பார்கள். ஊரிலோ 1948 முதல் சனிக்கிழமை மாலைகளில் ‘ஸ்போர்ட்ஸ் ரிப்போர்ட்’ நிகழ்ச்சி உண்டு. 1974 முதல் 2013 வரை அதில் முடிவுகளை வாசித்தவர் ஜேம்ஸ் அலெக்சாண்டர் கார்டன். முதல் அணியின் பெயரையும் கோலையும் சொல்லி, இரண்டாவது அணியின் பெயரை எந்தத் தொனியில் உச்சரிக்கிறார் என்பதிலேயே வெற்றியா, தோல்வியா, சமனா என்பது தெரிந்துவிடும். அவர் வாசிக்கும்போது பப்பில் பேச்சு நின்றுவிடுவதாக எனக்குச் சொன்னவர்கள் பலர். 380 ஆட்டங்களையும் பார்க்கும் இன்றைய வெளிநாட்டு ரசிகரைவிட, நாற்பது பேரோடு சேர்ந்து மூச்சடக்கி ஓர் எண்ணைக் கேட்டவருக்குக் கிடைத்தது அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

சட்டங்களும் குறுக்கே வருகின்றன. லண்டனில் பிற்பகல் 12.30 ஆட்டம் நியூயார்க்கில் காலை 7.30-க்குத் தொடங்கும். அந்த மாநிலத்தில் மதுக்கூடங்கள் காலை எட்டு மணிக்கு முன் மது ஊற்ற முடியாது. முதல் அரை மணி நேரம் காபியோடுதான். துபாயில் நேரம் வசதியானது, பப்புகளும் இருக்கின்றன; பெரும்பாலும் ஓட்டல்களுக்குள்ளே. அங்கே போக டாக்சி வேண்டும், நண்பர்களோடு முன்கூட்டிப் பேசி வைக்க வேண்டும். வெறுமனே தெருமுனைக்கு நடந்துபோய்க் கதவைத் தள்ளிப் பார்க்கிற வழக்கத்துக்கு அந்த நகரத்தின் அமைப்பிலேயே இடமில்லை.

பீரையும் பேச வேண்டும். ஊர் பீர் போல் இல்லை என்று அவர்கள் சொல்வது வீம்பு என்றுதான் நான் முதலில் நினைத்தேன். ஆனால் அதில் நியாயம் இருக்கிறது. ஆங்கிலேயப் பப்பின் பழைய வகை ஏல் பீர், பீப்பாய்க்குள் உயிரோடு இருக்கும். தொழிற்சாலையில் நொதித்தது போதாதென்று பப்பின் நிலவறையிலும் நொதிக்கும். அதை 11 முதல் 13 டிகிரிக் குளிரில் வைத்து, வண்டல் தெளியக் காத்திருந்து, எப்போது திறப்பது என்று பப்புக்காரர் முடிவெடுக்க வேண்டும். வாயுவைச் செலுத்தாமல் கைப்பம்பால் இழுத்துத்தான் ஊற்றுவார்கள். திறந்துவிட்டால் சுமார் மூன்று நாளைக்குள் தீர்க்க வேண்டும். காற்றுப் பட்டுப் புளித்துவிடும். ஆகவே கூட்டம் வராத பப்பில் நல்ல ஏல் கிடைக்காது. ஊர் திரண்டு குடித்தால்தான் ருசி நிற்கும். இந்தப் பீர் 1970 வாக்கில் அழியும் நிலைக்கு வந்தபோது, அதைக் காக்க 1971-இல் ‘காம்ரா’ என்ற நுகர்வோர் இயக்கமே தொடங்கினார்கள். கேனில் அடைத்த பீர் ஹாங்காங்குக்குப் போகும். நிலவறையும் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளும் போக முடியாது.

கடல் தாண்டும்படி ஒரு பீர் ஒருகாலத்தில் தேவைப்பட்டது, அது நம் நாட்டுக்காகத்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து லண்டனின் கிழக்கே போ என்னும் இடத்தில் ஹாட்ஜ்சன் வடித்த வெளிர்நிற ஏல், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் பயணம் செய்து கல்கத்தாவுக்கும் மெட்ராசுக்கும் வந்தது. 1820-களில் பர்ட்டன் நகரத்துக்காரர்கள் போட்டிக்கு வந்தார்கள். இன்று உலகமெங்கும் இந்தியா பேல் ஏல் என்று விற்பது அந்த வழியில் வந்ததுதான். ஆனால் பீர் வந்ததே தவிர பப் வரவில்லை. மெட்ராஸ் ஆங்கிலேயக் கனவான்கள் 1832-இல் கட்டிக்கொண்டது மெட்ராஸ் கிளப். உறுப்பினர் பட்டியலில் இருந்தால்தான் உள்ளே போகலாம். இந்தியருக்கு அந்தப் பட்டியலில் நெடுங்காலம் இடமில்லை. தெருவில் போகிற யாரும் கதவைத் தள்ளலாம் என்பது பப்பின் இயல்பு. மெட்ராசில் கட்டியது நேர்மாறானது. வெளிநாட்டில் ஆங்கிலேயர் கூடும் இடங்களைப் பார்க்கும்போதெல்லாம், இது பப்பா, கிளப்பா என்ற கேள்வி எனக்குள் எழும்.

1990-களில் பப்பையே ஏற்றுமதி செய்யலாம் என்று அயர்லாந்தில் கண்டுபிடித்தார்கள். டப்ளினில் வரைந்து, மரவேலை, கண்ணாடி, பழைய விளம்பரப் பலகைகள் எல்லாவற்றையும் பெட்டகத்தில் ஏற்றிக் கப்பலில் அனுப்பி, போய்ச் சேரும் ஊரில் பொருத்திவிடுவார்கள். கின்னஸ் நிறுவனம் இதற்குத் துணை நின்றது. இப்படிப்பட்ட பப்புகளில் வெளிநாட்டு ரசிகர்கள் கூடுகிறார்கள். அவற்றை நான் குறைத்துப் பேச மாட்டேன். முன்பின் தெரியாத ஊரில் முதல் மாதம் ஒருவரைத் தனிமையிலிருந்து காப்பாற்றுகிற இடம் அது. ஆனாலும் அங்கே எல்லாரும் முப்பது நாற்பது வயதுக்காரர்கள், எல்லாரும் நல்ல வேலைக்காரர்கள். மூலையில் அமர்ந்து, இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்ற 1966-ஆம் ஆண்டைப் பற்றிப் பேசும் கிழவர் இல்லை. அவர் பேச்சைக் கேட்டுச் சலித்துக்கொள்ளும் பேரனும் இல்லை. ஊர்ப் பப்பை ஊர்ப் பப்பாக்குவது இப்படி நாம் தேர்ந்தெடுக்காத மனிதர்கள்தான்.

2022 கத்தார் உலகக் கோப்பை இதை வேறு கோணத்தில் காட்டியது. தொடக்க ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, நவம்பர் 18 அன்று, மைதான வளாகங்களில் பீர் விற்பனை இல்லை என்று அறிவித்தார்கள். ரசிகர் திடலில் மாலை ஏழு மணிக்கு மேல் அரை லிட்டர் பீர் 50 ரியால். விலையுயர்ந்த விருந்தினர் அறைகளில் மட்டும் மது தொடர்ந்து பரிமாறப்பட்டது. ஒரு நாடு தன் நெறிப்படி மதுவை விலக்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். நம் மாநிலமே மதுவிலக்கைக் கண்ட மாநிலம். பணக்காரருக்கு ஒரு நெறி, மற்றவருக்கு ஒரு நெறி என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இந்த இடத்தில் நம் ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. சிங்கப்பூரில் போட் கீ ஆற்றங்கரைப் பப்புகளில் இரவு பதினொன்றுக்கு ஆங்கிலேயர்கள் கூடி ஆட்டம் பார்க்கும் அதே ஊரில், ஞாயிறுதோறும் லிட்டில் இந்தியாவின் புல்வெளிகளில் தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் போன கட்டடத் தொழிலாளர்கள் கூடுவார்கள். ஊர்ச் செய்தி பேசுவார்கள், ஒன்றிரண்டு பீர் குடிப்பார்கள். 2013 டிசம்பர் 8 அன்று ஒரு தமிழ்த் தொழிலாளி பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. 2015-இல் வந்த சட்டம், இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்துவதைத் தடுத்தது. லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங்குக்கும் கூடுதல் கட்டுப்பாடு. உரிமம் பெற்ற பப்பில் அந்த நேரத்தில் குடிக்கத் தடையில்லை. அங்கே ஒரு பைன்ட்டுக்குக் கேட்கும் விலையைக் கட்டடத் தொழிலாளியால் கொடுக்க முடியாது. இரண்டு பேரும் ஊரைவிட்டு வந்தவர்கள். வாரத்தில் ஒருநாள் தன் ஆட்களோடு உட்கார வேண்டும் என்ற ஒரே தேவை இரண்டு பேருக்கும். ஒருவருக்கு அதற்குக் கூரை இருந்தது. மற்றவருக்குப் புல்தரைதான். ஆங்கிலேயரின் ஏக்கத்தை மதிக்கிறேன் என்று தொடக்கத்தில் சொன்னேன். அந்த மதிப்பு நம் தொழிலாளிக்கும் வேண்டும் என்பதற்காகவும்தான் சொன்னேன்.

ஊரிலும் அந்தப் பப்புகள் அப்படியே காத்திருக்கவில்லை. 2000-இல் பிரிட்டனில் சுமார் 60,000 பப்புகள் இருந்தன. இப்போது சுமார் 45,000. வரி, வாடகை, மலிவு விலையில் பீர் விற்கும் சூப்பர் மார்க்கெட், மனை விலை எல்லாம் சேர்ந்து மூடவைக்கின்றன. மைதானங்களும் இடம் பெயர்கின்றன. வெஸ்ட் ஹாம் 2016-இல் தன் பழைய மைதானத்தை விட்டது. கிரிஃபின் பார்க்கின் கடைசி ஆட்டம் 2020 ஜூலையில் கொரோனா காரணமாகப் பார்வையாளரே இல்லாமல் நடந்து முடிந்தது. எவர்ட்டன் ஆண்கள் அணி 2025 மே மாதம் குடிசன் பார்க்கில் கடைசியாக ஆடிவிட்டு ஆற்றங்கரைத் துறைமுகப் பகுதிக்குப் போய்விட்டது. வெளிநாட்டில் பத்து வருஷம் இருந்துவிட்டுத் திரும்புகிறவருக்கு, பப் இருந்தால் மைதானம் இல்லை, மைதானம் இருந்தால் பப் இல்லை. பீகாரின் மோதிஹாரியில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல், தனக்குப் பிடித்த பப் ஒன்றின் சிறப்புகளை அடுக்கி ஒரு கட்டுரை எழுதினார். கடைசியில் அப்படி ஒரு பப் கிடையாது என்று சொல்லிவிடுகிறார். ஊரில் இருந்தவருக்கே அப்படி.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அந்தப் பப்பின் கதவு எல்லாருக்கும் திறந்திருந்தது என்ற எண்ணத்தை உங்களிடம் விட்டுச் செல்லக் கூடாது. நான் வேலை பார்த்த ஊருக்குப் பக்கத்தில் ஸ்மெத்திக் இருக்கிறது. 1950, 60-களில் அங்கே இரும்பு வார்ப்பாலைகளுக்கு வேலைக்கு வந்த பஞ்சாபிகள் பலருக்குப் பல பப்புகள் கதவை மூடின. திறந்த இடங்களிலும் வசதியான அறை வெள்ளையருக்கு மட்டும். இந்தியத் தொழிலாளர் சங்கம் அதை எதிர்த்துப் போராடியது. 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி மால்கம் எக்ஸ் அந்த ஊருக்கு வந்து இந்த நிறவெறியை உலகம் பார்க்கச் செய்தார். அதே ஆண்டு இறுதியில் வந்த இன உறவுச் சட்டம், பப் போன்ற பொது இடங்களில் நிறம் பார்த்து மறுப்பதைத் தடை செய்தது. பிறகு அந்த ஊர்ப் பப்புகள் வாடிக்கை குறைந்து தள்ளாடியபோது, பஞ்சாபிக் குடும்பங்களே சிலவற்றை எடுத்து நடத்தத் தொடங்கின. தந்தூரி அடுப்பு வந்தது. அவற்றை இன்று ‘தேசி பப்’ என்கிறார்கள். பக்கத்திலிருக்கும் ஹாத்தார்ன்ஸ் மைதானத்தில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் ஆடும் நாளில் போய்ப் பாருங்கள். நீலமும் வெள்ளையும் பட்டையிட்ட சட்டை போட்ட வெள்ளைக்காரக் கிழவர்களும் சீக்கிய இளைஞர்களும் ஒரே மேசையில், புகையோடு வரும் மிக்ஸ்டு கிரில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். யார் உள்ளே வரலாம் என்று அவர்கள் தந்தையருக்குத் தீர்ப்புச் சொன்ன அதே ஊரில்.

சில ஆண்டுகளுக்கு முன் துபாயில் ஸ்மெத்திக்கில் பிறந்த ஒரு பஞ்சாபி இளைஞரைச் சந்தித்தேன், பொறியாளர். ஆல்பியன் ஆட்டத்தைச் செல்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே நல்ல பஞ்சாபிச் சாப்பாடு தெருவுக்குத் தெரு கிடைக்கிறது, பீர் கிடைக்கிறது, ஆட்டமும் தெரிகிறது, ஆனால் தன் ஊர்ப் பப் இல்லையே என்றார். அங்கே போனால் யார் இருப்பார்கள் என்று கேட்டேன். அப்பா இருப்பார், அப்பாவோடு வார்ப்பாலையில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் இருப்பார், இரண்டு பேரும் பயிற்சியாளரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள், தன் ரவுண்டு எப்போதும் மூன்றாவது என்றார்.

உங்கள் கேள்விகளை இனிக் கேட்கலாம்.